சுர்ப்பிக்குக் குறியீடு, மேய்ப்பருக்கு?

'இந்தியாவில் பனீர் உண்டு. பாலாடைக்கட்டி மரபு கிடையாது' என்று கருத்தரங்குகளில் இன்னமும் முழங்குகிறோம். அருணாச்சலப் பிரதேசத்தின் தவாங், மேற்கு காமெங் மலைகளில் வாழும் புரோக்பா மேய்ப்பர்கள் யாக் பாலைக் கடைந்து வெண்ணெய் எடுத்து, எஞ்சிய மோரைக் காய்ச்சித் திரித்து, துணியில் வடித்து, அழுத்தி நீரகற்றிச் செய்யும் சுர்ப்பியை எந்தக் கணக்கில் வைப்பது? உலர்ந்து கல்லாய் இறுகிய துண்டை வாயில் அடக்கியபடி நெடுநேரம் மலையேறலாம்.

2023இல் அருணாச்சல யாக் சுர்ப்பி புவிசார் குறியீடு பெற்றது. நாமும் வாழ்த்தினோம். ஆனால் 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் எஞ்சிய யாக்குகள் ஏறத்தாழ 58,000. ஏழே ஆண்டுகளில் கால் பங்கு மறைந்துவிட்டது. கோடையில் உயர்மலைப் புல்வெளிக்கு ஏறி, பனிக்காலத்தில் இறங்கும் அலைவாழ்வில்தான் இக்கைவினை பிழைத்திருக்கிறது. குறியீடு போலிப் பெயரைத் தடுக்கும், புல்வெளியைத் தருமா? சந்தை வந்தால் எல்லாம் சரியாகும் என்போர் நேபாளத்தைப் பார்க்கட்டும்: அங்கிருந்து அமெரிக்கா செல்லும் சுர்ப்பி நாய்கள் மெல்லும் பண்டமாக விற்கிறது.

'பாரம்பரிய அறிவு' என்று ஆய்வேடுகளில் எழுதிக் குவிக்கும் நாம், குறியீட்டு விண்ணப்பம் ஒவ்வொன்றோடும் மேய்ச்சல் உரிமைக்கான கோரிக்கையையும் இணைத்தாக வேண்டும். என் துறையினரையும் சேர்த்தே சொல்கிறேன்.