முகட்டுக்குள் ஒரு தாய்

ஓட்டு வீடுகளின் முகட்டுக்குள் மரநாய் குட்டி ஈனுவது நம் ஊர்களிற் புதுமையன்று. பனையிற் கட்டிய முட்டியிலே கள்ளைத் திருடிக் குடிக்கும் அதே பிராணிதான். இரவெல்லாம் அது தலைக்கு மேலே ஓடித் திரிந்தாலும் வீட்டார் பொறுத்துக்கொள்வர். ஆனால், ஓடு மாற்றுவதற்காகப் பகலிலே ஒருவர் கூரையில் ஏறும்போது, அது மயிர் சிலிர்த்துப் பல்லைக் காட்டிச் சீறிவிட்டாலோ, "விசர் மரநாய்!" என்ற கூக்குரல் எழுந்துவிடுகின்றது. அயலவர் பொல்லுகளுடன் கூடிவிடுகின்றனர்.

அந்தச் சீற்றம் விசரின் குறியன்று. குட்டிகளை விட்டு ஓட மாட்டாத ஒரு தாய், கிட்ட வராதே என்று சொல்லும் பாஷை அது. அச்சம் மிகுந்தால் வாலடிச் சுரப்பிகளிலிருந்து துர்நாற்றமும் வீசச் செய்யும். வழியை அடைத்து நின்று பொல்லை ஓங்குபவர் கடிபடுவதில் வியப்பென்ன?

விசர் கண்ட காட்டு விலங்கு வேறு விதம். நோய் மூளையைத் தாக்குவதால், மனிதரிடத்துள்ள இயல்பான அச்சம் அற்றுப்போகின்றது. நரியோ கீரியோ மரநாயோ முற்றத்துக்கே வந்து, காரணமின்றிப் பாய்ந்து கடிக்கலாம். அன்றேல் தள்ளாடி, வாய்நீர் ஒழுக, சாதுபோலப் படுத்துக்கிடக்கலாம். சீறும் தாயைக் கண்டு நடுங்கும் நாம், இந்தச் சாதுவுக்கு "ஐயோ பாவம்" என்று தண்ணீர் வைக்கக் குழந்தைகளை விடுகின்றோம்! எமக்கு அச்சந் தருவது இதுவே.

ஆயினும், கடித்தது பயந்த பிராணிதானே என்று எவரும் வாளாவிருத்தல் கூடாது. குறிகள் தோன்றுமுன்பே உமிழ்நீரிற் கிருமி இருக்கக்கூடும். வீட்டு நாயைப்போலக் கட்டிவைத்துப் பார்க்கவும் இயலாது. காயத்தை உடனே சவர்க்காரமிட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவுதல் வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு ஒன்றும் வேண்டா. பின்பு தாமதியாது அரசாங்க ஆஸ்பத்திரிக்குச் செல்க. அங்கே தடுப்பூசி இலவசம். வயிற்றிலே போட்ட பழைய ஊசிகளை நினைத்து அஞ்சுவோர் இன்னும் உளர். இக்கால ஊசி வயிற்றிற் போடப்படுவதன்று. கிருமி நரம்பு வழியே மூளைக்கு ஏறி, நோய் வெளிப்படச் சாதாரணமாக 2 அல்லது 3 மாதங்கள் செல்லும். சிலருக்கு ஒரு வாரமே போதும். அதற்குள் ஊசி முந்திக்கொள்ள வேண்டும். நோய் வெளிப்பட்டபின் பிழைத்தவர் மிக அரியர்.

கடித்த பிராணியை எவரேனும் அடித்துக் கொன்றுவிட்டால், தலையை நசுக்காதிருக்கட்டும். சோதனைக்கு மூளை தேவை. வெறுங்கையால் அதனைத் தொடவும் வேண்டா.

முகட்டுத் தாயையோ, குட்டிகள் வளர்ந்து வெளியேறும்வரை விட்டுவைத்து, உள்ளே ஒன்றுமில்லை என்று பார்த்துக்கொண்டு ஓட்டிடுக்கை அடைத்துவிடலாம்.