பாட்டிலோடு செவிலியரும் வேண்டும்

நிமோனியா முற்றிய குழந்தையின் நுரையீரல் சிற்றறைகளில் சீழும் நீரும் கோத்துக்கொள்கின்றன. மூச்சை வெளியே விடும்போதெல்லாம் அந்த அறைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளப் பார்க்கும். அடுத்த மூச்சில் அவற்றைத் திறக்கவே குழந்தையின் பலம் முழுவதும் போய்விடும். விலாவுக்கு இடையே சதை உள்வாங்கும். பால் குடிக்கத் தெம்பிருக்காது. 2019இல் மட்டும் ஐந்து வயதுக்குட்பட்ட சுமார் 7,40,000 குழந்தைகள் இந்நோய்க்குப் பலியானதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. மருந்தும் ஆக்சிஜனும் இருக்கும் காலத்தில் இத்தனை சாவுகளை ஏற்கவே முடியாது.

வங்கதேச மருத்துவர் முகம்மது ஜோபாயர் சிஸ்தி, 1996இல் சில்ஹெட் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பயிற்சி மருத்துவராகச் சேர்ந்த முதல் இரவிலேயே மூன்று குழந்தைகள் நிமோனியாவால் இறப்பதைக் கண்டார். பல ஆயிரம் டாலர் விலையுள்ள வென்டிலேட்டர் அங்கே எட்டாக்கனி. பின்னாளில் மெல்போர்னில் ஆய்வு மேற்கொண்டபோது, குமிழி முறையில் மூச்சுக்கு உதவும் கருவியை அவர் பார்த்தார். டாக்காவிலுள்ள சர்வதேச வயிற்றுப்போக்கு நோய் ஆய்வு மையத்தில் ஷாம்பு பாட்டிலைக் கொண்டு அதையே மலிவாகச் செய்துகாட்டினார்.

செய்முறை எளிது. மூக்கில் பொருத்திய குழாய் வழியாக ஆக்சிஜன் உள்ளே போகிறது. வெளிவரும் காற்றுக்கான குழாயின் முனை பாட்டில் தண்ணீருக்குள் அமிழ்ந்திருக்கிறது. முனை ஐந்து சென்டிமீட்டர் ஆழத்தில் இருந்தால், அந்த அளவு நீரின் அழுத்தம் நுரையீரலுக்குள் நின்று, சிற்றறைகள் மூடிக்கொள்ளாமல் தாங்கிப் பிடிக்கிறது. குமிழி வருவது நின்றால் எங்கோ கசிகிறது என்று பொருள். அதைக் கவனிக்க ஓர் ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும்.

2011 முதல் 2013 வரை டாக்காவில் 225 குழந்தைகளிடம் நடந்த சோதனையின் முடிவு 2015இல் 'லான்செட்' இதழில் வெளியானது. இவர்களில், குறைந்த வேகத்தில் ஆக்சிஜன் தரும் வழக்கமான முறையில் சேர்க்கப்பட்ட 67 பேரில் 10 பேர் இறந்தார்கள். குமிழி முறையில் 79 பேரில் 3 பேர். வழக்கமான முறையில் சாவு அதிகம் என்று தெரிந்ததும் சோதனை பாதியிலேயே நிறுத்தப்பட்டது. பாதியில் நின்ற சிறிய சோதனை என்பதால் எண்களைச் சற்று நிதானித்தே எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனாலும் பணமில்லாத மருத்துவமனையில் இதைச் சாதித்தது பெரிய காரியம்.

இதை வைத்து பாட்டிலை வாங்கிக் கொடுத்தால் போதும் என்று எந்த அரசாவது, நன்கொடை நிறுவனமாவது முடிவுகட்டினால் அது ஆபத்து. 2019இல் வெளியான மலாவி ஆய்வு அதைத்தான் காட்டுகிறது. அங்கே ஒரு மாவட்ட மருத்துவமனையில், எச்ஐவி, கடும் ஊட்டச்சத்துக் குறைவு, ஆக்சிஜன் பற்றாக்குறை போன்றவற்றால் ஆபத்து மிகுந்த குழந்தைகள் 644 பேருக்குப் பொது வார்டிலேயே சிகிச்சை தரப்பட்டது. மருத்துவரின் அன்றாட மேற்பார்வை கிடையாது. குமிழி முறையில் 17 சதவீதம் பேர் இறந்தார்கள், சாதாரண ஆக்சிஜனில் 11 சதவீதம். உயிர்காத்த அதே உத்தி, இங்கே கூடுதல் சாவோடு முடிந்தது.

நோயாளிகளும் வேறு, நோயின் கடுமையும் வேறு என்பது உண்மைதான். ஆனால் மேற்பார்வையை ஒதுக்கிவிட்டு இந்த வித்தியாசத்தைப் பேச முடியாது. அழுத்தக் காற்று வயிற்றிலும் நிறையும். வாந்தி நுரையீரலுக்குள் இறங்கலாம். டாக்காவில் அதை உடனே கண்டுபிடிக்கப் பயிற்சி பெற்ற மருத்துவர்களும் செவிலியர்களும் இருந்தார்கள். பாட்டில் கருவிக்கு ஒன்றே கால் டாலர் என்று பெருமையாகச் சொல்லப்படும் விலையில் அவர்களுடைய சம்பளம் சேரவில்லை.

மலாவியைக் காட்டி இந்த முறையையே கைவிடுவதும் நியாயமில்லை. கானாவில் 2017இல் வெளியான ஆய்வில், ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குப் பயன் தெரிந்தது. ஆகவே கருவி வாங்கும் ஒவ்வொரு திட்டத்திலும் செவிலியர் பணியிடம், பல்ஸ் ஆக்சிமீட்டர், தடையில்லா ஆக்சிஜன், மருத்துவரின் தினசரிப் பார்வை ஆகிய நான்குக்கும் பணம் ஒதுக்கியாக வேண்டும். இவை கைக்கு வரும்வரை, மலாவி ஆய்வில் இடம்பெற்றவர்களைப் போன்ற குழந்தைகளுக்குக் குறைந்த வேக ஆக்சிஜனே தொடரட்டும்.