ஆலை ஊருக்கு எது சான்று?

தாமிரபரணி மலையிறங்கும் பாபநாசத்தில், விழுகிற தண்ணீரின் விசையைக் கொண்டே எந்திரம் ஓட்டலாம் என்று கணக்குப் போட்டு ஹார்வி சகோதரர்கள் பஞ்சாலை கட்டினார்கள். 1885-இல் நூற்பு தொடங்கியது. பக்கத்து வயல்காட்டு விக்கிரமசிங்கபுரம், ஆலைச் சங்குக்கு எழுந்து உலை வைக்கும் வி.கே.புரம் ஆனது. ஆனால் எழுதப்படும் வரலாறு என்னவோ முதலாளி யார், கதிர்கள் எத்தனை, 1974-இல் எப்படி மதுரா கோட்ஸ் ஆனது என்பதோடு நின்றுவிடுகிறது. அதே ஹார்விகளின் தூத்துக்குடி கோரல் ஆலையில் 1908-இல் நடந்த வேலைநிறுத்தம்கூடப் பாடப்புத்தகத்தில் வ.உ.சி.யின் வரலாறாகத்தான் வருகிறது. வேலையை விட்டு இறங்கியவர்களுக்கு அங்கே பெயரில்லை. ஆலை ஊரின் வரலாற்றை எழுத, வேலை பார்த்தவர்களின் நினைவையே முதன்மைச் சான்றாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் கட்சி.

நினைவு எப்படிச் சான்றாகும் என்பவர்கள் பைசினோசிஸ் நோயைப் பார்க்கலாம். பஞ்சுத் தூசியால் வரும் இந்நோய், ஆரம்பத்தில் வார விடுமுறை முடிந்து திரும்பும் முதல் நாளில் மட்டும் நெஞ்சை இறுக்கும், மறுநாள் தணிந்துவிடும். எக்ஸ்ரேயில் இதற்கென்று தனி அடையாளம் கிடையாது. 1950-களில் லங்காஷயர் ஆலைகளை ஆராய்ந்த ஷில்லிங் என்ற மருத்துவர், எந்தெந்த நாளில் இறுக்குகிறது என்று தொழிலாளியையே கேட்டுத்தான் நோயைத் தரம் பிரித்தார். பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங் பிரிவில் மூச்சுக்குத் திணறி நின்றவரும் வருகைப் பதிவேட்டில் முழுநாள் வேலை செய்தவர்தான். அவர் வாய் திறந்து சொன்னால் ஒழிய அந்த நாள் எந்தக் காகிதத்திலும் ஏறாது.

நினைவு பிசகும், உண்மைதான். இத்தாலியின் டெர்னி என்ற உருக்காலை ஊரில், 1949-இல் நேட்டோ எதிர்ப்புப் போராட்டத்தில் காவல்துறை சுட்டு ஒரு தொழிலாளி இறந்தார். 1953-இல் நடந்த ஆட்குறைப்புப் போராட்டத்தில் அவர் செத்ததாகவே ஊரில் பலர் பிற்பாடு சொன்னார்கள். வாய்மொழி வரலாற்று ஆய்வாளர் அலெஸ்ஸாண்ட்ரோ போர்ட்டெல்லி அந்தப் பிழையைத் தள்ளிவிடவில்லை. வேலை பறிபோனதுதான் ஊருக்கு ஆறாத காயம் என்பதை அதிலிருந்தே படித்தெடுத்தார். தேதியைத் திருத்தப் பதிவேடு இருக்கிறது. காயத்தைப் பதிவேட்டில் எங்கே தேடுவது?

ஓய்வு பெற்றவர்கள் பழங்காலத்தை இனிக்க இனிக்கத்தான் பேசுவார்கள் என்ற ஆட்சேபம் இதைவிட வலுவானது. (நிறுவனங்களின் ஆண்டுவிழா மலர்களும் கசக்கப் பேசுவதில்லை.) அந்தக் காலம் எப்படி இருந்தது என்று கேட்டால் அப்படித்தான் பதில் வரும். இரவு ஷிப்டுக்குச் சோறு கட்டியது யார், குடியிருப்பில் வீடு யாருக்குக் கிடைத்தது, எந்தச் சாதிக்காரரால் குடிதண்ணீரை மொண்டு குடிக்க முடியவில்லை, எந்தப் பிரிவிலிருந்து பெண்கள் எப்போது காணாமல் போனார்கள் என்று துருவிக் கேட்டால் இனிப்பு தானாக இறங்கும். 1960-களில் வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு இப்போது எண்பது வயது ஆகிறது. சுற்றுவட்டாரக் கல்லூரிகளில் வரலாறு படிக்கும் மாணவர் ஒவ்வொருவரும் ஒரு தொழிலாளியின் பேச்சைப் பதிவு செய்து, அவர் வீட்டுப் பெட்டியில் கிடக்கும் சம்பளச் சீட்டையும் சங்கச் சந்தா ரசீதையும் படமெடுத்து ஒப்படைத்தால், அதையே அந்த ஆண்டின் ஆய்வேடாக ஏற்கலாம்.