திறமை விவாதத்தில் மறைந்துபோன பொழுதுபோக்குப் போக்கர் ஆட்டக்காரர்

வட இந்தியாவில் தீபாவளி இரவில் உறவினர்கள் கூடிச் சீட்டாடுவது பழைய வழக்கம். தோற்ற பணம் பெரும்பாலும் அந்த வீட்டுக்குள்ளேயே கைமாறும். விடிந்ததும் ஆட்டம் முடிந்துவிடும். கைப்பேசிக்குள் வந்த போக்கர் ஆட்டத்துக்கு அப்படியொரு விடியல் இருக்கவில்லை. பணம் வைத்து ஆடும் இணையவழி விளையாட்டுகள் அனைத்தையும் தடை செய்யும் சட்டம் 2025 ஆகஸ்ட் 20, 21 தேதிகளில் நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் நிறைவேறியது. மறுநாளே குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் கிடைத்தது.

இத்தகைய விளையாட்டுகளை நடத்துவோருக்கு 3 ஆண்டுகள் வரை சிறை, ரூ.1 கோடி வரை அபராதம் விதிக்கப்படலாம். ஆடுபவருக்குத் தண்டனை இல்லை. அது திறமை சார்ந்த ஆட்டமா, அதிர்ஷ்டம் சார்ந்ததா என்ற வேறுபாட்டையும் சட்டம் பார்ப்பதில்லை.

இந்த வேறுபாட்டைச் சுற்றியே நீதிமன்றங்கள் பல ஆண்டுகள் வாதங்களைக் கேட்டன. 1867-ஆம் ஆண்டின் பொதுச் சூதாட்டச் சட்டம் திறமை விளையாட்டுகளுக்கு விலக்கு அளித்தது. ரம்மி பெருமளவு திறமை சார்ந்தது என 1968-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. போக்கரைச் சூதாட்டம் என்று 2017-இல் குஜராத் உயர் நீதிமன்றம் கருதியது. சென்னை உயர் நீதிமன்றம் 2023-இல் அதைத் திறமை விளையாட்டாக ஏற்றது.

ஆனால், நிறுவனங்களுக்குக் கேடயமாக இருந்த இந்தத் திறமைதான் பொழுதுபோக்குக்காக ஆடியவரின் இழப்புக்குக் காரணம். போக்கரில் எதிராளி ஆட்டக்கூடம் அல்ல, மற்றொரு ஆட்டக்காரர். வேலை முடிந்து அரைமணி நேரம் ஆடுபவரும், ஒரே நேரத்தில் பல மேசைகளில் ஆடி அதையே பிழைப்பாகக் கொண்டவரும் ஒரே மேசையில் அமர்ந்தனர். ஒரு கையில் அதிர்ஷ்டம் காப்பாற்றலாம். ஆயிரம் கைகளில் காப்பாற்றாது. திறமையின் பங்கு எவ்வளவு அதிகமோ, முன்னவரின் பணம் பின்னவரிடம் சேர்வது அவ்வளவு உறுதி.

அதிலும் முழுத் தொகை மேசைக்கு வரவில்லை. 2023 அக்டோபர் 1 முதல், செலுத்தும் தொகை முழுவதன் மீதும் 28 சதவீத ஜிஎஸ்டி விதிக்கப்பட்டது. ஆறு பேர் வரி உட்பட தலா ரூ.1,000 செலுத்தினால், ஆட்டத்துக்கு மிஞ்சுவது சுமார் ரூ.4,690. சலுகைத் தொகை கொடுத்து இதை ஈடுசெய்த தளங்களும் உண்டு. அதன் பிறகு தளத்தின் பங்கு; வென்றவரின் நிகர வெற்றித் தொகைக்கு 30 சதவீத வருமான வரி.

பந்தயமற்ற சமூக விளையாட்டுகளுக்குப் புதிய சட்டம் இடம் தருகிறது. எனினும், இழக்க ஏதுமில்லாத மேசையில் பொய்யாக மிரட்டினாலும் யாரும் பின்வாங்க மாட்டார்கள். போக்கரின் உயிரே அங்கு போய்விடுகிறது. வெளிநாட்டுத் தளங்களுக்குத் தாவுபவர், பணம் முடங்கினால் முறையிட இடமின்றி நிற்க நேரும்.

நண்பர்களின் வீட்டு மேசையில் நிலைமை வேறு. 1867 சட்டத்தில் சூதாட்ட விடுதி என்பதற்கான வரையறை, இடத்தையோ சீட்டையோ தருபவர் அதனால் ஆதாயம் பெறுகிறாரா என்பதைப் பொறுத்தது; மாநிலச் சட்டங்கள் சில இதைவிடக் கடுமையானவை. பந்தயமும் சூதாட்டமும் அரசமைப்பின்படி மாநிலப் பட்டியலில் இருப்பதால், புதிய தடையை நாடாளுமன்றம் விதிக்க முடியுமா என்பதும் வழக்காகியுள்ளது. உயர் நீதிமன்றங்களில் இருந்த மனுக்களை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பரில் தன்னிடம் மாற்றிக்கொண்டது.