"இன்னும் நடக்கல்லயா?" என்று கேட்கும் முன்



எங்கள் இளையவனுக்கு 13 மாதம். சுவரைப் பிடித்து எழும்புகிறான். கதிரையைப் பிடித்துக்கொண்டு இரண்டு எட்டு வைக்கிறான். கையை விட்டால் தொப்பென்று இருந்துவிட்டுச் சிரிக்கிறான். எங்களுக்கு அதில் கவலை இல்லை. ஆனால் கலியாண வீடு, மௌத்து வீடு என்று எங்கே போனாலும் முதல் கேள்வி, "இன்னும் நடக்கல்லயா?" அடுத்த வார்த்தை, "எங்கட பிள்ளை பத்து மாசத்திலயே ஓடினான்."

இந்தக் கதையைக் கேட்டுக் கேட்டு, கத்தாரில் இருக்கும் மச்சான் காசு அனுப்பி ஒரு வோக்கர் வாங்கித் தந்தார். சக்கரம் பூட்டிய வட்டம், நடுவில் இருக்கை, முன்னால் பாட்டுப் பெட்டி. பாசத்தில் தந்தது, மறுக்க மனம் வரவில்லை. இரண்டாம் நாள் விறாந்தையில் விட்டோம். குசினிக்குள் போய்த் திரும்புவதற்குள் முன்சக்கரம் படியின் விளிம்புக்கு வந்துவிட்டது. மூத்தவள் பாய்ந்து பிடித்தாள். அல்ஹம்துலில்லாஹ். அன்றே அதைக் கழற்றி மூட்டை கட்டிவிட்டோம்.

நம்முடைய வீடுகளை ஒருக்கால் நினைத்துப் பாருங்கள். மழைத் தண்ணீர் ஏறாதபடி உயர்த்திக் கட்டிய அத்திவாரம், இரண்டு மூன்று படி, தரையோடு ஒட்டிய விறகடுப்பு, பின்வளவில் கிணறு. வோக்கரில் இருக்கும் பிள்ளை ஒரு செக்கனில் மூன்றடிக்கு மேல் போய்விடும். நாம் பக்கத்தில் நின்றாலும் கை எட்டாது. அமெரிக்காவில் 1990 முதல் 2014 வரை வோக்கரால் காயப்பட்டு அவசர சிகிச்சைக்குக் கொண்டுவரப்பட்ட 15 மாதத்துக்குக் குறைந்த பிள்ளைகள் 230,000 பேருக்கு மேல். அவர்களில் முக்கால்வாசிப் பேர் படியில் விழுந்தவர்கள். கனடாவில் 2004ஆம் ஆண்டிலிருந்து இதை விற்கவே தடை. பழையதைக்கூட விற்க முடியாது. அங்கே கடையில் வாங்க முடியாத சாமானை நாம் இங்கே பெருமையாகப் பரிசு கொடுக்கிறோம்.

"ஆனால் கெதியா நடக்கப் பழகுவான்தானே?" என்று கேட்பீர்கள். அதுவும் இல்லை. வோக்கரில் பிள்ளையின் பாரத்தைத் தாங்குவது இருக்கை, கால் அல்ல. நுனிவிரலால் உந்துகிறதே தவிர, உடம்பை நிமிர்த்திச் சமநிலை பிடிக்கப் பழகுவதில்லை. தன் பாதத்தைக்கூட அதனால் பார்க்க முடியாது. வோக்கர் பாவித்த பிள்ளைகள் சற்றுப் பிந்தியே நடந்தார்கள் என்று அயர்லாந்தில் செய்து 2002இல் வெளியான ஆய்வு ஒன்று சொல்கிறது. நம் ஊரில் பிள்ளை பின்னால் நின்று தள்ளிக்கொண்டு போகும் மூன்று சில்லு மர நடைவண்டி வேறு. அதில் பிள்ளை தன் காலில்தான் நிற்கிறது. அதையும் சமதரையில், ஓர் ஆள் பக்கத்தில் நிற்கத்தான் கொடுக்க வேண்டும்.

எப்போது நடக்க வேண்டும்? உலக சுகாதார நிறுவனம் இந்தியா, ஓமான், கானா, நோர்வே, அமெரிக்கா ஆகிய ஐந்து நாட்டுப் பிள்ளைகளைப் பார்த்து 2006இல் வெளியிட்ட கணக்கின்படி, தனியே நடக்கத் தொடங்கும் காலம் ஏறக்குறைய 8 மாதம் முதல் 17 மாதம் தாண்டும் வரை. சில பிள்ளைகள் தவழாமலே நடந்துவிடுகிறார்கள். பத்து மாதத்தில் நடந்த பிள்ளைக்கு அதற்காகக் கூடப் புள்ளி கிடையாது. பதினாறில் நடந்த பிள்ளை அதற்காகப் பின்தங்கியதும் இல்லை. தரம் 1 வகுப்பில் யார் எப்போது நடந்தார்கள் என்று எங்களால் கண்டுபிடிக்க முடியாது.

ஒரு பிள்ளையைத் தவிர.

சில வருடங்களுக்கு முன் வந்த ஒரு மகள். ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து நடப்பாள். விளையாட்டு நேரம் மரத்தடியில் இருப்பாள். உம்மாவிடம் கேட்டோம். "ரெண்டு வயசுக்குப் பிறகுதான் நடந்தாள். ஆக்கள் கதைப்பாங்க எண்டு நான் வெளியில கொண்டு போகல்ல, கிளினிக்குக்கும் ஒழுங்காப் போகல்ல" என்று அழுதார். பிறக்கும்போதே இடுப்பு மூட்டு விலகியிருந்திருக்கிறது. முதல் மாதங்களில் கண்டால் பட்டி கட்டியே சரிப்படுத்தக்கூடிய விடயம். பிந்தினால் சத்திரசிகிச்சை வரை போகும்.

அந்த உம்மாவை நாங்கள் குறை சொல்லமாட்டோம். நம்முடைய வாய்தான் அவரை வீட்டுக்குள் பூட்டியது. ஒரு உம்மா வோக்கர் வாங்குவதும் இன்னொரு உம்மா பிள்ளையை மறைப்பதும் அந்த ஒரே கேள்விக்குப் பயந்துதான்.

ஆகவே எங்கள் வேண்டுகோள் இவ்வளவுதான். பிள்ளையைத் தரையில் விடுங்கள். வீட்டுக்குள் வெறுங்காலே நல்லது. கையை மேலே இழுத்து நடத்தாமல் இடுப்பில் அல்லது நெஞ்சில் பிடியுங்கள். சாயாத வாங்கு ஒன்றைப் பிடித்து நடக்க விடுங்கள். விழட்டும். நடை பழகும் பிள்ளை ஒரு மணித்தியாலத்தில் சராசரி 17 தரம் விழுவதாக ஆய்வாளர்கள் எண்ணியிருக்கிறார்கள். படிக்கும் அடுப்புக்கும் கிணற்றுக்கும் மறைப்பு வையுங்கள்.

18 மாத ஊசிக்குப் போகும்போது பிள்ளை தனியே நடக்கவில்லை என்றால் மருத்துவ மாதுவிடம் வாய் திறந்து சொல்லுங்கள். கிளினிக் கொப்பி நிறை பார்க்க மட்டும் தந்ததல்ல. ஒரு கால் கட்டையாகத் தெரிந்தாலும், ஒரு பக்கம் மட்டும் பாவித்தாலும், பழகியதை மறந்தாலும் 18 மாதம் வரை காத்திருக்க வேண்டாம்.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டபோது எங்கள் வயதுக்காரர் பலர் கைக்குழந்தைகள். புத்தளத்துக் கிடுகுக் கொட்டிலில், முகாம் மணலில் விழுந்து எழும்பித்தான் நடந்தோம். வோக்கர் இருக்கவில்லை. ஆனால் காலில் குறை இருந்த பிள்ளையைக் காட்ட ஒரு கிளினிக்கும் பக்கத்தில் இருக்கவில்லை. இன்று ஊர் திரும்பியிருக்கிறோம். மாதுவும் இருக்கிறார், கிளினிக்கும் இருக்கிறது. வெட்கத்தால் அதை இழக்கலாமா?

பிள்ளை அமானிதம். அடுத்த முறை ஒரு கைக்குழந்தையைக் கண்டால் "இன்னும் நடக்கல்லயா?" என்று கேட்காமல், "கிளினிக்குக்கு ஒழுங்காப் போறீங்களா?" என்று கேட்போம்.

மச்சான், கோவிக்க வேண்டாம். அடுத்த முறை ஒரு நல்ல பாய் வாங்கித் தாருங்கள்.