மோட்டாரைக் கழுவும் அரை மணி நேரம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் எந்தத் தாமானுக்குள் நுழைந்தாலும், ஏதாவது ஒரு வீட்டு வாசலில் வாளியும் துணியுமாக ஒருவர் மோட்டாரைக் கழுவிக்கொண்டிருப்பார். ஆயுத பூசை நெருங்கிவிட்டால் கேட்கவே வேண்டாம். கழுவித் துடைத்து, பாலிஷ் போட்டு, பழைய காப்சாயையும் புதிது போல் ஆக்கிவிடுவார்கள்.

நல்ல பழக்கம்தான். ஆனால் நம் நாட்டில் சாலை விபத்துகளில் உயிரிழப்போரில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். ஆகவே கழுவும்போது இரண்டு விஷயங்களை மனத்தில் வையுங்கள். பாலிஷ் படக்கூடாத இடங்கள் சில உண்டு. அதோடு, டயரையும் பிரேக்கையும் சங்கிலியையும் நாம் அருகில் உட்கார்ந்து பார்ப்பது பெரும்பாலும் இந்த அரை மணி நேரத்தில் மட்டும்தான்.

முதலில் நிழல், பிறகு தண்ணீர்

ஓட்டி வந்த சூட்டோடு தண்ணீர் ஊற்றாதீர்கள். இயந்திரமும் புகைபோக்கியும் ஆறட்டும். வெயிலில் நிறுத்திக் கழுவினால் சோப்பு நுரை அங்கேயே காய்ந்து திட்டுத் திட்டாகப் படியும். நிழலில் நிறுத்தி, புகைபோக்கியின் வாயைப் பிளாஸ்டிக் பையால் மூடிக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் அதை எடுக்க மறக்க வேண்டாம்.

துணியால் தேய்ப்பதற்கு முன் வெறும் தண்ணீரை ஊற்றி மண்ணையும் தூசியையும் இறக்கிவிட வேண்டும். மண் ஒட்டியிருக்கும்போதே தேய்த்தால் அது உப்புத்தாள் போல வண்ணத்தைக் கீறிவிடும். இரண்டு வாளி வைத்துக்கொள்வது நல்லது: ஒன்றில் சோப்புத் தண்ணீர், மற்றொன்றில் துணியை அலச வெறும் தண்ணீர். அடுக்குமாடி வீட்டில் ரப்பர் குழாய் வசதி இல்லாதவர்களுக்கும், தண்ணீர்த் தடை நாள்களுக்கும் இந்த முறை போதும்.

பாத்திரம் கழுவும் திரவம் எண்ணெய்ப் பசையை எடுப்பதற்காகச் செய்யப்பட்டது. அது வண்ணத்தின் மேலுள்ள மெழுகையும் சேர்த்து எடுத்துவிடும். வாகனங்களுக்கான ஷாம்பு வாங்கிக்கொள்ளுங்கள். மேலிருந்து கீழாகக் கழுவி, சக்கரங்களைக் கடைசியாக, வேறு துணியால் கழுவுங்கள். பறவை எச்சம் காய்ந்திருந்தால் சுரண்டாமல், ஈரத்துணியைச் சில நிமிடம் அதன்மேல் போட்டு ஊறவிடுங்கள்.

உயர் அழுத்தத் தண்ணீர்த் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் சக்கரத்தின் நடுப்பகுதி, சாவித் துவாரம், கைப்பிடி சுவிட்சுகள் ஆகியவற்றின் மீது நேராக அடிக்கக்கூடாது. பேரிங்கில் உள்ள கிரீஸ் வெளியேறி, தண்ணீர் உள்ளே போகும்.

சங்கிலியில் விரல் கவனம்

இரட்டைத் தாங்கியில் நிறுத்தி, இயந்திரத்தை அணைத்து, பின்சக்கரத்தைக் கையால் சுழற்றியே சங்கிலியைச் சுத்தம் செய்யுங்கள். கியர் போட்டு ஓடவிட்டுத் துணியைப் பிடிப்பது வேகமான வழியாகத் தெரியலாம். துணியோடு விரலும் பல்சக்கரத்துக்குள் போய்விடும். பழைய பல் துலக்கியில் மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்த்து, துடைத்துக் காயவிட்டு, சங்கிலி எண்ணெய் விடலாம். பெட்ரோல் வேண்டாம், தீப்பிடிக்கும் அபாயம் உண்டு, ரப்பர் வளையங்கள் உள்ள சங்கிலியையும் அது கெடுக்கும்.

எங்கே பாலிஷ், எங்கே கூடாது

பாலிஷும் மெழுகும் ஒன்றல்ல. பாலிஷ், வண்ணத்தின் மேற்பரப்பை மிக மெல்லியதாகத் தேய்த்துக் கீறல்களைக் குறைக்கிறது. மெழுகு, அதன்மேல் ஒரு காப்பாகப் படிகிறது. வாரந்தோறும் பாலிஷ் போட்டால் வண்ணம்தான் மெலியும். ஆண்டுக்கு ஓரிரு முறை போதும். மெழுகை இரண்டு மூன்று மாதத்திற்கு ஒருமுறை பூசலாம். வெயிலிலும் மழையிலும் மாறி மாறி நிற்கும் நம் ஊர் மோட்டாருக்கு மெழுகுதான் அதிகம் தேவை. பளபளப்பில்லாத மேட் வண்ணத்திற்கு இரண்டுமே வேண்டாம். பூசினால் திட்டுத் திட்டாக மினுங்கும்.

டயரைக் கறுகறுவென்று காட்டும் திரவத்தைப் பக்கச் சுவரில் மட்டும் தடவுங்கள். சாலையைத் தொடும் பகுதியில் பட்டால் முதல் வளைவிலேயே வழுக்கிவிடும். இருக்கையிலும் கால் வைக்கும் இடத்திலும் சிலிகான் பாலிஷ் கூடாது. பிரேக் பிடிக்கும்போது பின்னால் அமர்ந்திருக்கும் மனைவியோ பிள்ளையோ முன்னால் சறுக்கி வருவார்கள். டிஸ்க் தட்டில் மெழுகோ எண்ணெயோ ஒரு துளி பட்டாலும் பிரேக் பிடிப்புக் குறையும். எதையும் நேராகத் தெளிக்காமல், துணியில் எடுத்துத் தடவினால் இந்தத் தொல்லை இல்லை.

ஆயுத பூசைக்கு மாலை போடுபவர்கள் அதைச் சக்கரத்தில் சிக்காதபடி கட்டி, வண்டி புறப்படும் முன் கழற்றிவிடுங்கள். காய்ந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டாமல் நனைத்து எடுங்கள். கற்பூரத் தட்டைப் பெட்ரோல் தொட்டியின் அருகே கொண்டுபோக வேண்டாம்.

துடைக்கும்போது பாருங்கள்

டயரின் பள்ளங்களுக்குள் சிறு மேடுகள் தெரியும். ரப்பர் அந்த மேட்டின் மட்டத்திற்குத் தேய்ந்திருந்தால் டயரை மாற்ற வேண்டும். ஆணியோ கண்ணாடித் துண்டோ குத்தியிருக்கிறதா என்றும் பாருங்கள். பல காப்சாய்களில் பின்பக்க டிரம் பிரேக்கில் ஒரு சிறிய முள் இருக்கும். பிரேக்கை மிதிக்கும்போது அது குறியைத் தொட்டால் பிரேக் கட்டை தேய்ந்துவிட்டது என்று பொருள். சங்கிலியின் தொய்வு, இயந்திரத்தின் அடியில் எண்ணெய்க் கசிவு, பின்விளக்கு, சிக்னல் விளக்கு ஆகியவற்றையும் பார்த்துவிடலாம்.

எல்லாம் முடிந்ததும் உடனே சாலைக்குப் போகாதீர்கள். ஈரமான பிரேக் சரியாகப் பிடிக்காது. வீட்டு முன்னாலேயே மெதுவாக ஓட்டி, முன் பிரேக்கையும் பின் பிரேக்கையும் நாலைந்து முறை பிடித்துப் பாருங்கள்.

வீட்டில் புதிதாக மோட்டார் ஓட்டத் தொடங்கிய பிள்ளை இருந்தால், அடுத்த முறை கழுவும்போது அவர்களையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். டயரை அவர்களே தொட்டுப் பார்த்துச் சொல்லட்டும்.