நிலம் அவருடையது, புகை யாருடையது?

சொந்த நிலத்தை யாருக்கு வாடகைக்கு விடுவது என்பது உரிமையாளரின் விருப்பம். அந்த விருப்பம் மலேசியாவின் கோலலங்காட் மாவட்டத்தில் உள்ள ஜெஞ்சாரோமில் என்ன செய்தது என்பதை நாடே பார்த்தது. 2018 ஜனவரியில் வெளிநாட்டு பிளாஸ்டிக் கழிவுக்குச் சீனா கதவடைத்ததும், பணக்கார நாடுகளின் குப்பை கிள்ளான் துறைமுகத்தில் வந்து குவிந்தது. கோலலங்காட்டின் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே உரிமமில்லாத ஆலைகள் முளைத்தன. விவசாய நிலத்தில் ஆலை நடத்த நிலச் சட்டம் இடம் தரவில்லை. வாடகை இடம் தந்தது. மறுசுழற்சிக்கு உதவாததை இரவில் கொளுத்தினார்கள். கதவைச் சாத்திக்கொண்டு படுத்தாலும் ரப்பர் கருகுவது போன்ற நாற்றம் வீட்டுக்குள் வந்தது. ஊர் மக்கள் தூக்கத்திலேயே இருமினார்கள்.

வாடகை சிலர் பைக்குப் போனது. புகை சுமார் 30,000 பேரின் நெஞ்சுக்குள் போனது. இதைத் தனிமனித உரிமை என்று யாராவது நியாயப்படுத்த வந்தால், அந்த 30,000 பேரும் தனிமனிதர்கள் இல்லையா என்று கேட்போம். பொது நன்மை என்று நாம் சொல்வது அவர்கள் ஒவ்வொருவரின் மூச்சைத்தான்.

அதைக் காக்க எழுந்ததும் ஊர்க்காரர்கள் சிலர்தான். சங்கமாகச் சேர்ந்து, புகை எங்கிருந்து வருகிறது என்று தேடி, புகார் மேல் புகார் கொடுத்தார்கள். அதன் பிறகே மாவட்டத்தில் 33 ஆலைகள் மூடப்பட்டன. விட்டுச்சென்ற குப்பை மட்டும் 17,000 டன். 2019 மே மாதம் அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் இயோ பீ யின் கிள்ளான் துறைமுகத்தில் குப்பைக் கொள்கலன்களைத் திறந்து காட்டினார். 2020 ஜனவரிக்குள் 150 கொள்கலன்கள் வந்த நாடுகளுக்கே திரும்பிப் போயின.

ஆலை எழும்பும்போதே பார்த்திருக்க வேண்டியது ஊராட்சி மன்றம். அதன் உறுப்பினர்களை நாம் தேர்ந்தெடுப்பதில்லை, மாநில அரசு நியமிக்கிறது. இந்தோனேசிய மோதலைக் காரணம் காட்டி 1965இல் ஊராட்சித் தேர்தலை நிறுத்தினார்கள். செனட்டர் ஆதி நாகப்பன் தலைமையிலான அரச ஆணையம், தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களே வேண்டும் என்று 1968இல் பரிந்துரைத்தது. அரசு ஏற்கவில்லை. 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் நியமனத்தை நிலைநிறுத்தியது. தோட்டங்களிலிருந்து பெயர்க்கப்பட்டு, அடைபட்ட சாக்கடைக்கும் அள்ளாத குப்பைக்கும் மன்றத்து வாசலில் காத்து நிற்கும் நம் மக்கள், ஒரு தமிழர் தலைமையில் எழுதப்பட்ட இந்த அறிக்கையை மறந்துவிட்டது பெரும் வேதனை.

கோலலங்காட்டில் கெடுபிடி வந்ததும் கெடாவின் சுங்கைப்பட்டாணியில் அதே நாற்றம், அதே இருமல். ஓர் ஊரின் விழிப்பு மட்டும் போதாது. எந்த நிலத்தில் எந்த ஆலைக்கு உரிமம் என்ற பட்டியலை ஒவ்வொரு மன்றமும் வெளியிட வேண்டும். கண்டும் காணாமல் இருக்கும் உறுப்பினரை வாக்குச்சீட்டால் இறக்கும் உரிமை எல்லா ஊருக்கும் வேண்டும். ஆதி நாகப்பன் அறிக்கையை நாடாளுமன்றம் மறுபடி எடுத்து விவாதிக்கட்டும்.